எஞ்சின் வேகமும் அதைச் சொல்லும் சாட்சியும்

சாலை போடும் இடங்களிலும் அணை கட்டும் இடங்களிலும் மண்ணை வாரிக் குவிக்கும் பெரும்பொறிகளை மாணவர்களாகிய நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். அவற்றின் வலிமையை வியப்போர் பலர். தன் எஞ்சின் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதை அப்பொறி எவ்வாறு அறிகிறது என்று கேட்போர் சிலரே. அந்த அறிவு பிழைபட்டால், குறையேதுமற்ற எஞ்சினும் ஓடாமல் நின்றுவிடும். பல கை மாறி வந்த பழைய பொறியை வாங்கியவர், விரலளவே உள்ள ஓர் உறுப்பின் பொருட்டு நாட்கணக்கில் வேலையை இழப்பதும் உண்டு. இந்நிலை வந்த வரலாறு 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

இங்கிலாந்தின் காற்றாலைகளில் மாவரைக்கும் கற்களை நெறிப்படுத்த, சுழலும் குண்டுகளைக் கொண்ட ஓர் அமைப்பு முன்பே வழங்கி வந்தது. 1788-இல் ஜேம்ஸ் வாட் அதனைத் தம் நீராவி எஞ்சினுக்கு உரியதாக்கினார். எஞ்சினோடு சேர்ந்து இரண்டு குண்டுகள் சுழலும். வேகம் மிகுந்தால் அவை விலகி உயரும். அவற்றோடு பிணைந்த நெம்புகோல் நீராவி செல்லும் வழியைச் சுருக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி விரியும். இதற்குக் கவர்னர் என்று பெயர். மாகாணங்களை ஆண்ட கவர்னர்களைப் போலன்றி, இந்தக் கவர்னருக்கு நொடிப்பொழுதும் ஓய்வில்லை!

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வேகத்தை அறிவதும் அடக்குவதும் அந்தக் குண்டுகளே. அவற்றில் குறை நேர்ந்தால் அருகில் நிற்பவன் கண்ணாலேயே காணலாம். சில கவர்னர்கள் வேகத்தை நிலைநிறுத்தாமல் கூட்டியும் குறைத்தும் அலைந்தன. அதன் காரணத்தைக் கணித வழியில் ஆராய்ந்து, 1868-இல் மாக்ஸ்வெல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

1897-இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் சோதிக்கப்பெற்றது. 1927-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டீசல் எண்ணெயைப் பீச்சும் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. 1931-இல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் டீசல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்காலம் முழுவதும் வாட்டின் குண்டுகள் மறையவில்லை. உருவில் சிறுத்து, பம்பின் கூட்டுக்குள் புகுந்துகொண்டன. அவ்வளவே.

மாற்றத்தின் வித்து வேறோரிடத்தில் இருந்தது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே, கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறும்போது அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று கண்டார். ஒரு சிறு காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுற்றி, அதனை ஃபிளைவீலின் பற்களுக்கு அருகே நிறுத்துங்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். 120 பற்கள் உள்ள சக்கரம் நிமிடத்திற்கு 1800 முறை சுற்றினால், நொடிக்கு 3600 துடிப்புகள். துடிப்பை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். இதுவே வேக உணரி; பட்டறைகளில் சென்சார் என்பர்.

1987-இல் டெட்ராய்ட் டீசல் நிறுவனம், முற்றிலும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கனரக எஞ்சினை வெளியிட்டது. 1996 முதல் அமெரிக்காவில் கட்டுமானப் பொறிகளின் புகைக்கும் சட்டம் எல்லை வகுத்தது. விதி கடுமையாக ஆக, குண்டுகள் விடைபெற்றன. கணிப்பொறி அவ்விடத்தில் அமர்ந்தது. அக்கணிப்பொறிக்குக் கண் இல்லை. சென்சார் சொல்வதே அதற்கு உலகம். கிராங்க் தண்டு எந்த நிலையில் உள்ளது என்று அறியாவிட்டால், எண்ணெயை எப்போது பீச்சுவது என்றும் அதற்குத் தெரியாது.

குறை நேர்ந்தால் அது ஒரு குறியீட்டெண்ணைக் காட்டும். கனரகப் பொறிகளில் பரவலாக வழங்கும் முறையில் 190 என்பது எஞ்சின் வேகத்தைக் குறிக்கும். அதனோடு 2 வந்தால் செய்தி ஒழுங்கற்றது என்றும், 5 வந்தால் மின்சுற்று அறுபட்டிருக்கலாம் என்றும், 8 வந்தால் துடிப்பின் எண்ணிக்கை முறைகெட்டது என்றும் பொருள். சென்சார் கெட்டது என்று இவற்றுள் எதுவும் கூறவில்லை. ஆயினும் பலர் உடனே புதிய சென்சாரை வாங்கிவிடுகின்றனர். வகுப்பில் சன்னல் கண்ணாடி உடைந்தால் பக்கத்தில் நின்ற சிறுவனைப் பிடிப்பது போன்றது இது.

பழைய பொறியில் முதலில் ஐயுற வேண்டியது கம்பியை. முன்பு வைத்திருந்தவர் எங்கே வெட்டி ஒட்டினார் என்பது யாருக்கும் தெரியாது. உராய்ந்து தோலுரிந்த வயர், பச்சை படிந்த கப்ளர், வளைந்த ஊசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து, சென்சாரைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும். அது காந்தமாதலால் தேய்ந்த இரும்புத் துகள்கள் அதில் தாடிபோல் படிந்திருக்கும். துடைத்தாலே குறை நீங்குவதும் உண்டு. துகள் மிகுதியாயின், அது எங்கிருந்து வந்தது என்று வினவ வேண்டும். பற்கள் உடைந்திருக்கலாம்.

குறை தோன்றும் வேளையும் துப்புத் தரும். சூடேறியபின் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பும் எஞ்சினில், வெப்பத்தால் விரிந்து அறுபடும் சுருளை ஐயுறலாம். ஆகவே சுருளின் மின்தடையைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளக்க வேண்டும். கிளம்ப மறுத்து, கிளம்பியபின் நன்கு ஓடினால், மெதுவான சுழற்சியில் துடிப்பு வலுவற்றிருக்கிறது எனலாம். ஆனால் பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் மெல்லச் சுழற்றினாலும் இதே அடையாளம்தான் தோன்றும். அதனை முன்னரே விலக்கிவிட வேண்டும். மூன்று கம்பிகள் உள்ள சென்சார், 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவின்படி இயங்கும் வகையாக இருக்கக்கூடும். அவ்வகையில் மின்தடையை அளந்து பயனில்லை. ஊட்டும் மின்னழுத்தமும் வெளிவரும் துடிப்பும் சரியா என்று பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, சென்சாரே கெட்டது என்று தெளிந்தபின் மாற்றலாம். மரை கொண்ட வகையாயின், எஞ்சின் நின்றிருக்கையில் துளையின் வழியே நோக்கி, பல்லின் உச்சி நேரே நிற்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பின்னர் முனை பல்லைத் தொடும்வரை திருகி, பொறியின் கையேடு கூறும் அளவுக்குப் பின்னே திருப்ப வேண்டும். இரு பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தைப் பல்லென்று எண்ணித் திருகினால், எஞ்சின் ஒரு சுற்று முடிக்குமுன் புதிய சென்சாரின் முனை நொறுங்கிவிடும்.