சம்பள உச்சவரம்பு: தோனியின் 4 கோடி சொல்லும் கணக்கு

ஐபிஎல் பருவம் வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளிலும் இரண்டு கேள்விகள் காதில் விழும். "தோனிக்கு வெறும் 4 கோடிதானா?" என்பது ஒன்று. "இந்த வயதில் இன்னும் எதற்கு அவர்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அதுதான் சம்பள உச்சவரம்பு. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, நம் நாட்டுக் காற்பந்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை இங்கே பார்ப்போம்.

உச்சவரம்பு என்றால் என்ன?

ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று லீக் விதிக்கும் எல்லையே சம்பள உச்சவரம்பு. முதலாளி எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. ஐபிஎல்லில் இதை ஏலப் பணப்பை என்கிறார்கள். 2025 பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய். ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று தோராயமாகக் கணக்கிட்டால் இது 60 மில்லியன் ரிங்கிட். ஒரு கோடி ரூபாய் என்பது 5 லட்சம் ரிங்கிட்.

குடும்பச் செலவுக்குக் கவரில் பணம் எடுத்து வைப்பது போலத்தான் இதுவும். மீனுக்குக் கூடுதலாகப் போனால் காய்கறிக்குக் குறையும். ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கோடியும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத கோடி.

தோனியின் விலை: ஆறு கட்டங்கள்

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் தோனிக்கு ஒதுக்கப்பட்ட தொகையையும், அந்த ஆண்டின் மொத்த வரம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

- 2008: 5 மில்லியன் டாலரில் 1.5 மில்லியன். அதாவது 30 விழுக்காடு.
- 2011: 9 மில்லியன் டாலரில் 1.8 மில்லியன். 20 விழுக்காடு.
- 2014: 60 கோடியில் 12.5 கோடி. ஏறக்குறைய 21 விழுக்காடு.
- 2018: 80 கோடியில் 15 கோடி. ஏறக்குறைய 19 விழுக்காடு.
- 2022: 90 கோடியில் 12 கோடி. 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.
- 2025: 120 கோடியில் 4 கோடி. 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

நடுவில் 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்களில் சென்னை அணி தடையில் இருந்தது. அப்போது தோனி புனே அணிக்கு ஆடினார்.

முதல் வரியில் ஒரு சூட்சுமம் உண்டு. 2008ல் மும்பைக்கு டெண்டுல்கர், பெங்களூருக்கு டிராவிட், கொல்கத்தாவுக்கு கங்குலி, பஞ்சாபுக்கு யுவராஜ், டில்லிக்கு சேவாக் என்று ஊர் நட்சத்திரங்கள் ஏலத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டார்கள். அணியில் அதிக விலை போனவரைவிட 15 விழுக்காடு கூடுதலாக அந்த நட்சத்திரத்துக்குத் தர வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட ஓர் அணி தோனியை 1.5 மில்லியனுக்கு வாங்கினால் தன் நட்சத்திரத்துக்கு 1.725 மில்லியன் கொடுக்க வேண்டிவரும். இருவருக்கு மட்டுமே 3.225 மில்லியன் போய்விடும். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. அந்த ஏலத்திலேயே அதிக விலைக்குத் தோனியை எடுக்க அதனால் முடிந்தது.

விலை ஏன் இப்படி இறங்கியது?

2022 தக்கவைப்பில் சென்னை தன் முதல் இடத்தை ரவீந்திர ஜடேஜாவுக்குக் கொடுத்தது. அவருக்கு 16 கோடி, இரண்டாம் இடத்தில் தோனிக்கு 12 கோடி. தொடர்ந்து மொயின் அலிக்கு 8 கோடி, ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு 6 கோடி. அடுத்த தலைமுறைக்குப் பணத்தை நகர்த்தும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. 2023ல் ஐந்தாவது கிண்ணம் வந்தது. 2024ல் தலைமைப் பொறுப்பு கெய்க்வாட்டுக்குக் கைமாறியது.

பெரிய இறக்கம் 2025க்கான விதியால் வந்தது. ஐந்து ஆண்டுகளாக அனைத்துலக ஆட்டம் எதிலும் களமிறங்காத, வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தமும் இல்லாத இந்திய ஆட்டக்காரரை, நாட்டுக்கு ஆடாத புதியவர்களுக்கு உரிய 4 கோடியில் தக்கவைக்கலாம் என்ற பழைய விதி மீண்டும் கொண்டுவரப்பட்டது. தோனி இந்தியாவுக்குக் கடைசியாக ஆடியது 2019 ஜூலையில், நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கிண்ண அரையிறுதியில். எனவே இரண்டு உலகக் கிண்ணங்களை வென்ற தலைவர், ஏட்டில் புதுமுகங்களின் வரிசையில் வந்தார். ராஜஸ்தான் அணியும் சந்தீப் சர்மாவை இதே விதியில்தான் வைத்துக்கொண்டது.

சென்னை அந்த முறை கெய்க்வாட்டுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பத்திரனாவுக்கு 13 கோடி, சிவம் துபேக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி என 65 கோடி செலவிட்டது. கையில் மிஞ்சியது 55 கோடி.

மிச்சமான 10 கோடி எங்கே போனது?

அந்தச் சலுகை இல்லாமல் ஐந்தாவது அனைத்துலக ஆட்டக்காரராகத் தோனியை வைத்திருந்தால் பணப்பையிலிருந்து 14 கோடி கழிக்கப்பட்டிருக்கும். ஆக, மிச்சம் 10 கோடி. அந்த ஏலத்தில் சென்னை ஆப்கானிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமதுவை எடுத்த விலையும் சரியாக 10 கோடிதான். அந்தப் பருவத்தில் அவர் 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார். "வெறும் 4 கோடிதானா?" என்று வருத்தப்படுபவர்கள், அந்த விலையின் மறுபக்கத்தில் நூர் நிற்பதையும் பார்க்க வேண்டும்.

பணம் குறைந்தாலும் இடம் குறையவில்லை

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பணப்பை ஒரு வரம்பு என்றால், களத்தில் பதினொரு பேர் என்பது இன்னொரு வரம்பு. 4 கோடிக்காரரும் 18 கோடிக்காரரும் அதில் ஓர் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

2025 மார்ச் மாதம் சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராகத் தோனி ஒன்பதாவது ஆளாகத்தான் இறங்கினார். சென்னை 50 ஓட்டங்களில் தோற்றது. அவரது முழங்கால் பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட இடம் தராது என்று பயிற்றுநர் ஸ்டீபன் பிளெமிங் பிறகு விளக்கினார். அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அந்தத் தோல்வியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கெய்க்வாட் காயத்தால் பாதியில் விலக, தோனியே மீண்டும் தலைமை ஏற்க வேண்டியிருந்தது. ஆனாலும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் மட்டும் மூத்தவரின் செலவு முடிந்துவிடுவதில்லை. அவர் நிற்கும் இடத்தில் ஓர் இளைஞர் நிற்க முடியாது என்பதும் செலவுதான்.

ஜடேஜா போனார், தோனி இருந்தார்

2025 நவம்பரில் நடந்த மாற்றம் பல ரசிகர்களைக் கலங்கவைத்தது. சென்னை, ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, 31 வயது சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கிக்கொண்டது. ராஜஸ்தானில் ஜடேஜாவின் விலை 14 கோடி ஆனது. 36 வயதுக்காரர் போக, 44 வயதுக்காரர் இருந்தார். பாசத்தின் கண்ணால் பார்த்தால் இது புரியாது. கணக்கின் கண்ணால் பார்த்தால் புரியும். ஜடேஜாவை அனுப்பினால் 18 கோடி இடம் திறக்கிறது. தோனியை அனுப்பினால் 4 கோடிதான் திறக்கிறது. வந்த சாம்சனும் விக்கெட் காப்பாளர். தோனிக்குப் பின் அந்தக் கையுறை யாருக்கு என்ற கேள்விக்கும் அணி விடை தேடிக்கொண்டது.

அஸ்வின் கதை இன்னொரு பாடம். 38 வயதில் அவரைச் சென்னை 9.75 கோடிக்குத் திரும்ப எடுத்தது. ஒரே பருவத்துக்குப் பின், 2025 ஆகஸ்டில், அவர் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த 9.75 கோடி முழுவதும் அடுத்த ஏலத்துக்குத் திரும்பியது. ஐபிஎல்லில் அந்தந்த ஆண்டுச் சம்பளம் அந்தந்த ஆண்டுக் கணக்கிலேயே முடிந்துவிடும். பழைய பாக்கி புதிய ஏட்டுக்கு வராது.

அமெரிக்காவில் வேறு வழி

அமெரிக்கக் காற்பந்தில் அப்படியில்லை. அங்கே என்எப்எல் லீக்கில் 1994 முதல் உச்சவரம்பு இருக்கிறது. முதல் ஆண்டில் 34.6 மில்லியன் டாலராக இருந்தது, 2025ல் 279.2 மில்லியனாக வளர்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தின் மூளை, குவார்ட்டர்பேக் எனப்படுபவர். ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் அவரே. அணியிலேயே பெரும்பாலும் அவருக்குத்தான் அதிகச் சம்பளம்.

அங்கே ஒப்பந்த முன்பணத்தை இன்றே கையில் கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுதலாம். சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டியே தீர வேண்டும். தம்பா பே அணி, 43 வயது டாம் பிரேடியை வைத்து 2021 பிப்ரவரியில் கிண்ணம் வென்றது. அவர் 2023ல் ஓய்வு பெற்றார். அந்தப் பருவத்தில் ஆடாத அவர் பெயரில் அணியின் வரம்பிலிருந்து ஏறக்குறைய 35 மில்லியன் டாலர் கழிக்கப்பட்டது. டென்வர் அணி 2024ல் ரசல் வில்சனை விடுவித்தபோது இரண்டு ஆண்டுகளில் 85 மில்லியன் டாலரைச் சுமக்க வேண்டியிருந்தது. வெற்றி முன்னால் வரலாம். பில் பின்னால் நிச்சயம் வரும்.

நம் காற்பந்தில் என்ன நிலை?

நம் சூப்பர் லீக்கில் எல்லா அணிக்கும் ஒரே பணப்பை, ஏலம் என்ற முறை இல்லை. ஐரோப்பாவில் வருமானத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் ஆட்டக்காரர் செலவை வருமானத்தில் 70 விழுக்காட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது யூஇஎப்ஏ விதி.

வரவைப் பார்க்காமல் ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். சம்பள பாக்கிச் செய்திகள் நம் லீக்கில் புதிதல்ல. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரண்டுக்கும் 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டியும் லீக்கிலிருந்து விலகியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணியாக வளர்ந்து, 2019ல் புதிய பெயரோடு சூப்பர் லீக்கில் கால்வைத்த அணி அது. பி. மணியம் பயிற்சியில் 2022ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்க்காரர்களை மட்டும் வைத்து ஆடியது. கிளானா ஜெயா அரங்கில் நம் பிள்ளைகளுக்கு இருந்த ஒரு வாசல் அதோடு மூடியது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கிளப் ஒப்பந்தத்தைக் கனவு காணும் இளைஞர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை:

- சம்பளம், ஊக்கத்தொகை, வீட்டு வாடகை, காயம்பட்டால் சிகிச்சை ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது.
- ஒப்பந்தத்தின் ஒரு பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியர் சேமநிதி, சொக்சோ பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.
- இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிறுத்தப்பட்டால், எழுத்துமூலம் அறிவித்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன்பின்னும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள பிஃபா விதி இடம் தருகிறது. அந்த அறிவிப்பை அனுப்பும் முன் ஆட்டக்காரர்கள் சங்கமான பிஎப்ஏஎம்மிடம் ஆலோசனை கேளுங்கள்.
- 30 வயதைத் தாண்டியவர்கள் பெரிய தொகையைவிட, மாதம் தவறாமல் வரும் தொகையைப் பாருங்கள். தோனியால் 4 கோடிக்கு ஆட முடிகிறது என்றால், அவருக்கு வருமானம் தரும் வழிகள் வேறு பல உண்டு. எல்லாருக்கும் அப்படி இல்லை.

கிளப் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். லீக் வரம்பு விதிக்காவிட்டால், நாமே ஒன்றை விதித்துக்கொள்ள வேண்டும். ஆண்டு இறுதி வரை கொடுக்க முடிந்த சம்பளத்துக்கு மட்டுமே ஆள் சேர்ப்பது என்பதுதான் அது.