அப்பாவின் கேசட் நோட்டும் சாம்பல் நிறப் பாட்டுகளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா மாயவரத்தை விட்டு எங்களோடு கல்கத்தாவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. காபி குடித்ததும் அவருக்குப் பழைய பாட்டு வேண்டும். அவருக்கென்றே 200 பாட்டுக்கு மேல் தேடிச் சேர்த்து, போனில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்குத் திறந்தால் பாதிப் பாட்டு சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. தொட்டால் பாட மாட்டேன் என்கிறது.

"என்னடா, கேசட் அறுந்து போச்சா?" என்றார் அப்பா.

அறுந்த கேசட்டையாவது செல்லோடேப் போட்டு ஒட்டலாம். இதை எதை வைத்து ஒட்டுவது? யாரோ ரெண்டு கம்பெனிக்குள் ஒப்பந்தம் முடிந்துபோனதாம். மாதாமாதம் காசு கட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றினால்தான் விஷயம் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் இந்த ஊருக்கும் நம்ம ஊர்ப் பாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1902 நவம்பரில் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் இங்கே வந்து கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார். முதலில் இந்தியப் பாட்டுகளை ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பி இசைத்தட்டாக அடித்துக் கொண்டுவந்தார்கள். 1908-ல் கிராமபோன் கம்பெனி இங்கேயே சியால்டாவில் ஒரு தொழிற்சாலை போட்டது. 1928-ல் தம்தம்மில் பெரிதாக ஒன்று கட்டியது. அந்தக் காலத்து இசைத்தட்டில் முக்கியச் சரக்கு அரக்கு. அது விளைவதும் இந்தப் பக்கத்துக் காடுகளில்தான்.

மதராஸில் பதிவான பாட்டுகளும் தம்தம்மில் தட்டாகித்தான் ஊருக்கு வரும். எங்கள் தாத்தா வைத்திருந்த நாய்ப்படம் போட்ட தட்டுகளில் 'தம்தம்' என்று அச்சடித்திருப்பதைச் சின்ன வயசில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அது ஏதோ தாளத்தின் பெயர் என்று நினைத்திருக்கிறேன் :-) இப்போது தினமும் மெட்ரோவில் அந்த ஸ்டேஷனில்தான் இறங்குகிறேன்.

78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம்தான். தட்டு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ரேடியோ. 1952 வாக்கில் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, ஜனங்கள் முள்ளை அப்படியே இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். 1957-ல் விவித பாரதி பிறந்ததே அதனால்தான். ரேடியோவில் ஒரு குறை, அவர்கள் போடும்போதுதான் நாம் கேட்க முடியும்.

அந்தக் குறையைத் தீர்த்தது கேசட். பிலிப்ஸ் அதைக் கொண்டுவந்தது 1963-ல். நம் வீடுகளுக்கு வந்து நிறைந்தது எண்பதுகளில். உங்களில் பலருக்கு நினைவிருக்கும், கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டு, கொஞ்சம் முன்னே பின்னே. ரெண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளலாம். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு கேசட்டுக்கும் நம்பர் போட்டு, படம், வருஷம், இசை, பாடியவர் என்று கட்டம் கட்டி எழுதி வைப்பார். அம்மாவுக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. மளிகைக் கணக்குக்கு இத்தனை கவனம் உண்டா என்பாள்.

பிறகு எம்பி3 வந்தது. அந்தப் பெயரை 1995-ல் வைத்தார்கள். ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஒரு எம்பி என்று சுருக்கிவிடலாம். 700 எம்பி சிடியில் 150 பாட்டு! வேலைக்கு வெளியூர் கிளம்பிய நம் தலைமுறையின் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த சிடிதான். ஆனால் உள்ளே பார்த்தால் எல்லாம் 'டிராக் 01', 'டிராக் 02'. பாட்டின் விவரம் எழுத 1996-ல் ஐடி3 என்று ஒரு சீட்டு வந்தது. முதல் வடிவத்தில் மொத்தமே 128 பைட், அதில் பாட்டுப் பெயருக்கு 30. இன்றைய யுடிஎஃப்-8 கணக்கில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இளையராஜா என்று எழுதினால் 24, இடம் போதும். எம்.எஸ்.விஸ்வநாதன் என்றால் 50, பாதியில் நின்றுவிடும். பின்னால் வந்த ஐடி3 வடிவங்களில்தான் யூனிகோடில் முழுப்பெயர் எழுத வழி வந்தது.

இப்போது ஸ்ட்ரீமிங் காலம். குறை சொல்லக்கூடாது, சௌகரியம்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட் 2012-ல் திறந்து 2013-ல் மூடியது. திங்கானா 2014-ல் போனது, அதை வாங்கிய ஆர்டியோ 2015-ல். கூகுள் பிளே மியூசிக் 2020-ல். ரெஸ்ஸோ, வின்க் இரண்டும் 2024-ல். மூடாத கடையிலும் சரக்கு நிலையில்லை. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. தம்தம் கம்பெனியின் இன்றைய பெயரான சரிகமவோடு சீக்கிரமே தகராறு. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், சரிகம பாட்டுகள் இறக்கப்பட்டன. மறுபடி ஏறியது 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகு. நம் பழைய பாட்டில் பெரும்பங்கு அவர்களிடம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம்: புதுப் பாட்டு கேட்க எதுவும் பரவாயில்லை. சொந்தச் சேகரிப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக் இரண்டிலும் நம் பாட்டுகளை நாமே ஏற்றி வைக்கலாம், ஒரு லட்சம் வரை. ஸ்பாட்டிஃபை நம் கருவியில் இருக்கும் பாட்டைப் பாடும், தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளாது. அதில் 'டவுன்லோடு' செய்தது நமக்குச் சொந்தம் என்றும் நினைக்கவேண்டாம். முப்பது நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் முகம் காட்டாவிட்டால் பாடாது. சரிகம 2017-ல் 5,000 பாட்டோடு கார்வான் பெட்டியை விற்றபோது பெரியவர்கள் ஏன் ஓடி ஓடி வாங்கினார்கள் என்று இப்போது புரிகிறது.

அன்று சாயங்காலம் பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். மாயவரம் வீட்டைக் காலி செய்தபோது தூக்கி எறியாமல் கொண்டுவந்தது. 61 கேசட், கூடவே அந்த நோட்டு. பழைய டேப்ரிகார்டரை கம்ப்யூட்டரோடு இணைத்து ஞாயிறுக்கு ரெண்டு கேசட் என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். சில நாடாக்கள் பூசணம் பிடித்துப் போய்விட்டன. அந்தப் பாட்டுகளுக்கு சிடி கிடைத்தால் வாங்குகிறேன்.

அடுக்கும் முறை அப்பாவின் கட்டம்தான்: முதலில் வருஷம், பிறகு படம், பிறகு இசை. வருஷம் ஏன் முதலில் என்றால், 1980-லும் ஒரு பில்லா, ஒரு பொல்லாதவன். 2007-லும் ஒரு பில்லா, ஒரு பொல்லாதவன்! ஸ்ட்ரீமிங்கில் பல பழைய பாட்டுகள் ஏதோ 'ஹிட்ஸ்' தொகுப்பின் கீழே, தொகுப்பு வந்த வருஷத்தோடு கிடக்கின்றன. அதை நம்பி அடுக்கினால் எம்.எஸ்.வி. போன வருஷம் இசையமைத்ததாக ஆகிவிடும். இன்னொன்று, பெயரைத் தமிழில் ஒரே மாதிரி எழுதிவிட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் இளையராஜாவே நாலு பேராகிவிடுகிறார். எல்லாம் முடிந்ததும் ரெண்டு வன்தட்டில் பிரதி. ஒன்று இங்கே, ஒன்று மதுரையில் தங்கை வீட்டில்.

இங்கே பிறந்த என் மகளுக்கு வங்காளம் சரளம், தமிழ் எழுத்து தடுமாறும். பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலையை அவளிடம் கொடுத்தேன். அவள் நோட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார்.

"தாத்தா, இந்தக் கேசட்ல ஏழாவது பாட்டு அடிச்சிருக்கே?"

"அது பாட்டிக்குப் பிடிக்காது கண்ணு. அதுக்கு மேல வேற பாட்டு பதிஞ்சுட்டேன்."

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அடித்த வரியையும் அப்படியே ஏற்றிக்கொள் என்று மகளிடம் சொன்னேன். எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இது இருக்காது இல்லையா?

இதுவரை 19 கேசட் முடிந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.