மடியில் கனம்: சிறிய கேமராவைச் சுமந்த கதை

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது நம்மவர் வழக்கு. இந்தப் பழமொழியைக் குற்றமுள்ள மனத்துக்குப் பொருத்திப் பேசியே பழகிவிட்டோம். அதன் நேர்ப்பொருளைச் சற்று நிதானித்துப் பார்த்தால், மதிப்புள்ள பொருளைத் தமிழர் எங்கே வைத்து வழிநடந்தார்கள் என்ற செய்தியும் அதில் கிடைக்கிறது. ஆண்களுக்கு வேட்டி மடிப்பு; பெண்களுக்கு முந்தானை முடிச்சும் இடுப்பில் செருகிய சுருக்குப்பையும். பெட்டியில் பூட்டியது வீட்டில் தங்கிவிடும். உடலை ஒட்டியிருப்பதே உடன் வரும்.

மேற்கிலிருந்து வந்த பொருள்களில் கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் விரைவிலேயே நம் உடலில் இடம்பிடித்துக்கொண்டன. கேமராவுக்கு மட்டும் அந்த இடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அது பெட்டியாக வந்தது, பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஃபிலிம் போட்டு எடுக்கும் சிறிய கேமராவைச் சேதமின்றிச் சுமப்பது எப்படி என்ற எளிய கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதாக நாம் கருதுகிறோம். எவை படமாயின, எவை படமாகாமல் போயின என்பதன் வரலாறும் அதுதான்.

தொடக்கத்தில் கேமரா மனிதர் சுமக்கும் பொருளாகவே இல்லை. 1839இல் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லினீயஸ் டிரைப் 1858இல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அவருடைய கேமராவும் மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களும் இரசாயனக் குப்பிகளும் மாட்டுவண்டிகளில் ஏறி வந்தவை. வண்டி போகும் இடத்துக்கே படமும் போகும். அதனால் கோபுரமும் தூணும் மண்டபமும் பதிவாயின. அசையாமல் நிற்கக்கூடியவை அவைதாம்.

வண்டியிலிருந்து கைக்கு இறங்கியது 1888இல். அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அவ்வாண்டு விற்பனைக்கு விட்ட முதல் கோடக் கேமராவில் 100 படங்களுக்கான சுருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. எடுத்து முடித்தபின் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 1912இல் அதே நிறுவனம் வெஸ்ட் பாக்கெட் கோடக் என்னும் மடக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. சட்டைக்கு மேல் அணியும் உட்கோட்டின் பையில் அடங்குவதால் அந்தப் பெயர். லென்ஸும் துருத்தியும் உள்ளே மடங்கிக்கொள்ள, வெளியே தட்டையான உலோக உடல் மட்டும் தெரியும். முதல் உலகப்போரில் சிப்பாயின் கேமரா என்றே அது விளம்பரப்படுத்தப்பட்டது. போர்முனையில் கேமரா வைத்திருப்பதைப் பிரிட்டிஷ் இராணுவம் தடைசெய்த பின்னரும் அது பைகளில் ஒளிந்து சென்றது.

அந்த வகைக் கேமரா ஒன்று 1924இல் எவரெஸ்ட் ஏறியது. ஜார்ஜ் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் கடைசி முயற்சிக்குப் புறப்பட்டபோது, உடன் வந்த ஹோவர்ட் சோமர்வெல் தம் கேமராவை அவர்களிடம் கொடுத்தனுப்பினார். இருவரும் திரும்பவில்லை. 1999இல் மலோரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. இர்வினின் பாதம் ஒன்று காலணியோடு 2024இல் பனியாற்றில் கண்டெடுக்கப்பட்டது. அப்போதும் கேமரா இல்லை. சிகரத்தை அவர்கள் தொட்டார்களா என்ற கேள்விக்கான விடை, கழுவப்படாத ஒரு சுருளில் இருக்கலாம் என்று மலையேறிகள் இன்றும் நம்புகிறார்கள். கடுங்குளிரில் கிடப்பதால் அச்சுருளிலிருந்து இன்னமும் உருவம் எடுக்க முடியலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கனத்த தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடேற முடியாத அவர், சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைப் பயன்படுத்தும் சிறு கருவியொன்றை 1913-14இல் உருவாக்கினார். அதுவே லைகாவின் மூலவடிவம். 1925இல் லைப்சிக் சந்தையில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. மூச்சுத்திணறிய ஒரு மனிதரின் உடல்தான் இருபதாம் நூற்றாண்டுக் கேமராவின் அளவைத் தீர்மானித்தது எனலாம்.

கேமரா சிறுத்தவுடன் அதற்கோர் உறை தேவைப்பட்டது. கெட்டித் தோலில் தைத்து, முன்மூடியைத் திறந்து தொங்கவிட்டபடியே படமெடுக்கும் வகையில் அமைந்த அந்த உறைக்கு 'எவர்ரெடி கேஸ்' என்று பெயர். எப்போதும் தயார் என்று பொருள். ஆனால் பொத்தானைக் கழற்றி, மூடியைத் தள்ளி, தொங்கும் தோல் லென்ஸை மறைக்காமல் பிடித்துக் குறிபார்ப்பதற்குள், எதிரே நடந்தது நடந்து முடிந்திருக்கும். காரியத்தில் கண்ணாக இருந்தவர்கள் வேறு வழிகளைக் கண்டார்கள். பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் தம் லைகாவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் ஒட்டி மறைத்துக் கையிலேயே வைத்திருந்தார். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைச் சந்தித்துவிட்டு அவர் திரும்பிய சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அந்த நாளின் படங்கள் கிடைத்ததற்குக் கேமரா கையில் இருந்ததும் ஒரு காரணம். அதே டெல்லியில், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா சேலையுடுத்திச் சைக்கிளில் கருவிகளைச் சுமந்து சென்றார். கனம் அவரைத் தடுக்கவில்லை.

காந்தியைப் படத்தில் சுமந்த நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம்விட்டுக் கண்டம் அலைந்து, பலர் பல காலங்களில் எடுத்த துண்டுச் சுருள்களைத் திரட்டினார். ஏறத்தாழ 50,000 அடி. 1940இல் படம் வெளியாயிற்று. அக்காலத்துச் சினிமாச் சுருள்களில் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. போர்மேகம் சூழ்ந்த கடல்களில் அவற்றைக் காப்பாற்றிக் கரைசேர்ப்பது எத்தகைய பொறுப்பு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவர்களெல்லாம் தொழில்முறையாளர்கள், அல்லது பயணமே வாழ்வாகக் கொண்டவர்கள். நம் வீடுகளின் கதை வேறு. 1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த கேமராக்களில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக்-3 முக்கியமானது. 120 சுருளில் 12 சதுரப் படங்கள். 1960இல் தொடங்கப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1967க்குப் பிறகு 'இந்து' முத்திரைச் சுருள்களும் கிடைக்கலாயின. அத்தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. வாங்கிய கேமராவை வீட்டார் தோலுறையில் இட்டு, உறையை மஞ்சள் பையில் சுற்றி, பையைப் பீரோவில் வைத்து, பக்கத்தில் இரண்டு அந்துருண்டைகளையும் போட்டுப் பூட்டினார்கள். கல்யாணத்துக்கு வெளியே வரும்; காதுகுத்துக்கு வெளியே வரும்; மறுபடி பீரோவுக்குப் போகும்.

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த இந்த ஏற்பாடே பல கேமராக்களைக் கொன்றது. தோல், காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருளும் ஈரமும் அசையாக் காற்றும் சேர்ந்த இடத்தில் லென்ஸின்மேல் பூஞ்சை படரும். மெல்லிய சிலந்திவலை போலத் தொடங்கும் அது, காலம் செல்லச்செல்லக் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அந்துருண்டையின் ஆவியும் லென்ஸுக்கு நல்லதன்று. வெளிச்சமும் காற்றும் கைப்பழக்கமுமே பூஞ்சைக்குப் பகை. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கப்பட்ட கேமரா கீறல்களோடு பிழைத்தது. கீறலே விழாமல் காக்கப்பட்டது குருடாயிற்று.

நாம் இழந்தது கண்ணாடியை மட்டுமன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மவடிவில் பாதுகாக்கும் பணியைச் செய்திருக்கிறார்கள். மதிப்பிடற்கரிய பணி அது. அப்படங்களில் நம் பாட்டன்மார் வரைந்த திரைச்சீலையின் முன் விறைத்து நிற்கிறார்கள். அவர்கள் நின்ற வயலும் நடந்த தெருவும் அங்கே இல்லை. வீட்டு ஆல்பங்களிலும் இதே நிலைதான். மணமேடை இருக்கிறது, மணமேடைக்குப் பின்புறம் அண்டாவைக் கிளறியவர் இல்லை. இராஜபாளையத்து நூற்பாலைகளில் மாற்று வேலைக்குச் சங்கு ஊதியதும் வெளியேறிய கூட்டம், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்த தறிகளின் வரிசை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரின் வடத்தைப் பிடித்த கைகள் ஆகியவற்றை அந்தந்த ஊர் வீட்டு ஆல்பங்களில் தேடிப் பாருங்கள். அரிதாகவே அகப்படும். ஊரில் கேமராக்கள் இல்லாமலில்லை. அவை பத்திரமாக இருந்தன.

உறையின் சிக்கலை உறையில்லாமலே தீர்த்தவர் ஒலிம்பஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானி. உறையும் வேண்டாம், லென்ஸ் மூடியும் வேண்டாம் என்ற எண்ணத்தில் அவர் உருவாக்கிய எக்ஸ்.ஏ. கேமரா 1979இல் வந்தது. கூழாங்கல் போல உருண்ட உடல். முன்புறம் இழுத்தால் திறக்கும் கதவு. கதவைத் திறந்தால் தயார், மூடினால் பத்திரம். அதே நிறுவனம் 1991இல் கொண்டுவந்த மியூ வரிசைக் கேமராவும் அந்த வழியில் அமைந்ததே. நம் ஊர்களிலும் 1980களில் ஹாட் ஷாட் போன்ற எளிய கேமராக்கள் பரவின. பலருக்குக் கேமரா என்பது மணிக்கட்டில் கயிறாகத் தொங்கும் பொருள் என்று முதன்முதலாகத் தெரிந்தது. பார்னாக் கேமராவின் கனத்தைக் குறைத்தார். மைதானி அதன் அச்சத்தைக் குறைத்தார்.

ஃபிலிமின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதி முடித்தபின், இன்றைய இளைஞர்கள் தாத்தாவின் கேமராவைக் கேட்டு வாங்குகிறார்கள். நம் மாணவரிடமும் இந்த ஆர்வத்தைக் காண்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே சாலையோரம் அமைந்த வன்னியம்பட்டியிலிருந்து ஒருவர் இத்தகைய கேமராவோடு தினமும் போய்வருவதாக வைத்துக்கொள்வோம். கோடையின் வெயில், சாலைப் புழுதி, ஆலைப்பக்கத்துப் பஞ்சுத்தூசி, ஐப்பசி மழை ஆகிய நான்கையும் அவர் சமாளித்தாக வேண்டும். மேற்சொன்ன வரலாறு அவருக்குச் சில பாடங்களைத் தருகிறது.

வாரைக் கழுத்தில் மாலையாகப் போட வேண்டாம். குனிந்தால் கேமரா முன்னே ஆடி மோதும். பூணூல் போலக் குறுக்கே மாட்டி, கேமரா அக்குளுக்குச் சற்றுக் கீழே விலாவில் படியும்படி வாரைக் குறுக்கிக்கொண்டால், முழங்கையே அதற்குக் காவல். தேர்க்கூட்டத்தில் வாரை மணிக்கட்டில் இரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். இருசக்கர வண்டியின் டாங்கின்மேலோ பெட்டியிலோ வைத்தால் அதிர்வில் நுண்ணிய திருகுகள் தளரும். உடலோடு இருந்தால் உடலே அதிர்வை வாங்கிக்கொள்ளும். பேருந்தில் மேல்தட்டைவிட மடி நல்லது. ஜோல்னாப்பை இலக்கிய அன்பர்களுக்கு உகந்ததுதான். ஆனால் அதற்குள் சாவிக்கொத்தும் சில்லறையும் கேமராவோடு குடியிருக்கக் கூடாது. பலமுறை துவைத்து மெதுவான பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வைத்தால் போதும். கஞ்சி மொடமொடப்புள்ள புதுத்துணி கீறும். பாலிதீன் உறை மழை பெய்யும் நேரத்துக்கு மட்டும். வீடு சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். இரவில் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா மணிகளோடு வைக்கலாம். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் மணிகளைச் சூடுகாட்டி உலர்த்த வேண்டும்.

கேமராவைவிடச் சுருளுக்குத்தான் வெயில் பகை. நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் அதை விடக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்த சுருளை வெளியே எடுத்தவுடன் பிரிக்காமல், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். விமானப் பயணமென்றால் கையோடு கொண்டுபோய், எக்ஸ்-கதிருக்கு அனுப்பாமல் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்வது நலம். சுருள் வந்த சிறு பிளாஸ்டிக் குப்பி இருக்கிறதே, அதைவிடச் சிறந்த பெட்டகம் சுருளுக்கு வேறில்லை. நம் வீட்டுப் பெண்கள் அதன் அருமையை அன்றே அறிந்து, குங்குமத்துக்கும் கற்பூரத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இவை அனைத்தின் சாரம் ஒன்றே. கேமராவை உலகத்திடமிருந்து பிரித்து வைப்பது பாதுகாப்பாகாது; உலகத்துக்குள் உடைந்துபோகாமல் கொண்டுசெல்வதே பாதுகாப்பு. வழியில் பயம் இருக்கட்டும். மடியில் கனமும் இருக்கட்டும்.

வாசக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய கேமரா இருந்தால் எடுத்துத் தோலுறையிலிருந்து பிரித்து வையுங்கள். பின்மூடியை உடனே திறந்துவிடாதீர்கள். முதலில் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கக்கூடும். அதை இருட்டறையில் எடுத்துக் கழுவித் தருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் வெப்பத்தில் பாதி அழிந்திருக்கலாம், முழுவதுமேகூடப் போயிருக்கலாம். எவரெஸ்ட்டின் பனியில் ஒரு சுருளை நூறாண்டுகளாகத் தேடுகிறவர்கள் இருக்கும்போது, நம் வீட்டுப் பீரோவில் கிடப்பதை ஒருமுறை தேடிப் பார்ப்பதில் தவறில்லை.