அரசுப் பள்ளிக்கு நிதி கேட்பது எப்படி? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

திண்டுக்கல் பக்கம் ஆத்தூரோ, சாணார்பட்டியோ... உங்க ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை வேணும்னா யாரைக் கேட்கிறது? வழி சட்டத்திலேயே இருக்கு.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்பதை இவர்கள் கண்காணிக்கலாம்.

என்ன செய்யணும்?

குழுக் கூட்டத்தில் பேசி, தேவையைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுத வைக்கணும். அரசு மானியத்துக்கு இதுதான் அடிப்படை என்கிறது 22-வது பிரிவு. கிராம சபையிலும் தீர்மானம் போடலாம்.

சிக்கல் எங்கே?

சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60%, மாநிலத்தின் பங்கு 40%. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், 2024-25-க்கான சுமார் ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தியது. 2025-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது.

மேலே பணம் தாமதமானாலும், உங்க பள்ளியின் தேவை திட்டத்தில் பதிவாகி இருக்கணும். அப்பதான் நிதி வரும்போது உரிமையோடு கேட்க முடியும்.