பின் பிட்யூட்டரி

கபாலத்தின் அடித்தளத்தில் ஓர் எலும்புக் குழிக்குள், மூளையிலிருந்து மெல்லிய காம்பினால் தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்மடல் இப்பெயரால் வழங்கப்படுகிறது. சுரப்பி முழுவதுமே ஒரு பட்டாணியளவுதான். எடை ஏறக்குறைய அரை கிராம். அதில் பின்மடலின் பங்கு கால் பாகத்தை ஒட்டியது. முன்மடலும் பின்மடலும் ஒட்டியே இருப்பினும் அவற்றின் பிறப்பு வேறு வேறு. கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலெழும் பையொன்று முன்மடலாகிறது. மூளையின் தரையிலிருந்து கீழிறங்கும் நரம்புத் திசு பின்மடலாகிறது. ஆதலால் பின்மடலை மூளையின் ஒரு நீட்சியென்றே கொள்ள வேண்டும் என்பாரும் உளர். அதைச் சுரப்பி என்பது முற்றிலும் பொருந்துமா என்ற வினா இன்றும் உண்டு.

பண்டைக் காலத்தில் இவ்வுறுப்பு ஒரு வடிகாலாகவே கருதப்பட்டது. மூளையில் சேரும் கபம் இதன் வழியே இறங்கி மூக்கையும் அண்ணத்தையும் அடைகிறதென்று கேலன் கொண்ட கருத்தை, 1543இல் தம் பெருநூலை வெளியிட்ட வெசாலியஸும் கைவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஷ்னைடரும் லோயரும் அதனை மறுத்தனர். அதன் பின் இருநூறாண்டுகளுக்கு மேலாகப் பின்மடலின் தொழிலைப் பற்றி உறுதியான செய்தி ஏதுமில்லை.

1895இல் ஆலிவர், ஷேஃபர் என்ற இருவர் பிட்யூட்டரியின் சாற்றை விலங்குகளின் இரத்தக் குழாயில் செலுத்தியபோது இரத்த அழுத்தம் உயர்ந்ததைக் கண்டனர். அந்தச் சக்தி பின்மடலுக்கே உரியது, முன்மடலில் இல்லை என்பதை 1898இல் பால்டிமோர் நகரத்து ஹவெல் பிரித்துக் காட்டினார். அடுத்த பதினைந்தாண்டுகள் இந்த உறுப்பின் சரித்திரத்தில் மிக வளமானவை. ரை தானியக் கதிரில் பற்றும் எர்காட் என்னும் பூஞ்சையின் மருத்துவ குணங்களை லண்டனில் ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி டேல், 1906இல், பின்மடலின் சாறு பூனையின் கர்ப்பப்பையை வலுவாகச் சுருங்கச் செய்வதைக் கவனித்தார். தாம் தேடிய பொருள் வேறாயிருக்க, குறுக்கே வந்த இந்த விளைவை அலட்சியம் செய்யாமல் குறித்து வைத்த அவருடைய சிரத்தையே பிரசவ மருத்துவத்திற்கு ஒரு புதிய மருந்தைத் தந்தது. மூன்றே ஆண்டுகளில் லிவர்பூலைச் சேர்ந்த பிளேர்-பெல், பிரசவத்திற்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமையால் இரத்தம் பெருகும் தாய்மார்களுக்கு அச்சாற்றைப் பயன்படுத்திப் பலனை வெளியிட்டார். 1910இல் ஆட், ஸ்காட் ஆகியோர் அதே சாற்றினால் ஆட்டின் மடியிலிருந்து பால் பீறிடுவதைக் கண்டனர்.

சிறுநீர் சம்பந்தமான உண்மை இவ்வளவு எளிதில் வெளிப்படவில்லை. மயக்கமூட்டிய விலங்குகளில் இச்சாறு சிறுநீரை மிகுவிக்கிறது என்றே தொடக்கத்தில் முடிவு கட்டினர். 1912இல் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய மருத்துவர், துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு உயிர் பிழைத்த ஒருவருக்குத் தீராத தாகமும் அளவற்ற சிறுநீர்ப் போக்கும் ஏற்பட்டதையும், குண்டு பிட்யூட்டரிக்கு அருகே தங்கியிருந்ததையும் இணைத்து, வெல்லமில்லா நீரிழிவுக்கும் பின்மடலுக்கும் தொடர்புண்டெனக் கூறினார். மறு ஆண்டே இத்தாலியில் ஃபாரினியும் ஜெர்மனியில் ஃபான் டென் வெல்டனும், தனித்தனியே, அந்நோயாளிகளுக்குப் பின்மடல் சாற்றை ஊசியால் செலுத்திச் சிறுநீரைக் குறைத்துக் காட்டினர். பழைய முடிவு தலைகீழானது.

ஒரே சாறு இத்தனை வேலைகளையும் செய்வதெப்படி என்ற வினாவுக்கு 1928இல் ஆலிவர் காம் விடை கண்டார். அவரும் அவருடைய குழுவினரும் சாற்றை இரு கூறாகப் பிரித்தனர்: அழுத்தத்தை உயர்த்திச் சிறுநீரைக் குறைப்பது வாசோப்ரெசின், கர்ப்பப்பையைச் சுருக்கிப் பாலை வெளியேற்றுவது ஆக்சிடோசின். 1953இல் டு விக்னோ ஆக்சிடோசினின் அமைப்பை அறிந்து, அதைச் செயற்கையாகவும் ஆக்கி, 1955இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசு பெற்றார். இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனவை. மனிதரில் அவற்றுள் வேறுபடுவன இரண்டே. அந்த இரண்டு மாற்றங்களால் ஒன்று பிரதானமாகச் சிறுநீரகத்தையும் மற்றொன்று கர்ப்பப்பையையும் மார்பகத்தையும் நாடிச் செல்வது வியக்கத்தக்கதே.

இவற்றை ஆக்குவது பின்மடலன்று என்பது மிகத் தாமதமாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது. 1908இல் எடின்பரோவில் ஹெர்ரிங் பின்மடலில் சில உருண்டைத் திரள்களைக் கண்டு, அவை மூளையின் உள்ளறையை நோக்கிச் செல்வனவெனக் கருதினார். மூளை அறுவை மருத்துவர் குஷிங்கும் அக்கருத்தின் பக்கமே சாய்ந்தார். 1928இல் ஒரு சிறு மீனின் மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் நரம்பணுக்களே சுரப்பணுக்களின் தோற்றத்தைக் கொண்டிருப்பதாக ஏர்ன்ஸ்ட் ஷாரர் கூறியபோது, நரம்பு சுரக்குமோ என்று பலர் ஐயுற்றனர். 1949இல் பார்க்மன் ஒரு சாயமேற்றும் முறையால் ஹைப்போதலாமஸ் முதல் பின்மடல் வரை அந்தச் சுரப்புப் பொருள் நரம்பிழைகளின் வழியே தொடர்ந்து இருப்பதைக் காட்டிய பிறகே ஐயம் அடங்கலாயிற்று. ஹெர்ரிங் கண்ட திரள்கள், ஹார்மோன் நிறைந்து வீங்கிய நரம்பிழைப் பகுதிகளே. அரை நூற்றாண்டுக் காலம் பின்மடலின் புகழாக எண்ணப்பட்டது மூளையின் உழைப்பு. மூளை ஆக்கியதைச் சேர்த்து வைத்து, நரம்பின் கட்டளை வந்தவுடன் இரத்தத்தில் விடுவதே பின்மடலின் தொழில்.

இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உயர்ந்தாலே வாசோப்ரெசின் வெளிப்படும். சிறுநீரகக் குழல்களின் சுவரில் நீர் புகும் வழிகள் திறக்கும். உடல் நீரை மீட்டுக்கொள்ளும். மது இதனைத் தடுக்கிறது. குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்குக் காரணம் இதுவே. ஆக்சிடோசினோ மனநிலைக்கும் கட்டுப்பட்டது. குழந்தையின் அழுகுரல் கேட்ட மாத்திரத்திலேயே தாய்க்குப் பால் சுரந்துவிடுவதுண்டு. இதன் மறுபக்கத்தை 1941இல் ஈலியும் பீட்டர்சனும் பசுக்களில் காட்டினர். பசுவின் முதுகில் ஒரு பூனையை உட்கார வைத்து, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தபோது, கறவைக்குத் தயாராயிருந்த பசு பாலை அடக்கிக்கொண்டது. பிறகு பூனை தேவைப்படவில்லை, காகிதப் பைகளே போதுமாயின. கறவை வேளையில் மாட்டை அதட்டலாகாது என்று நம் கிராமத்தார் கூறுவதன் காரணமும் இதில் விளங்குகிறது. ஆனால் பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது ஆக்சிடோசின்தானா, அன்றி ஏற்கெனவே தொடங்கிய வலியை வளர்ப்பது மட்டுமா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை.

1967இல் பிராகில் உருவான டெஸ்மோப்ரெசின் வெல்லமில்லா நீரிழிவுக்கு உரிய மருந்தாக நிலைபெற்றது. அன்பு, நம்பிக்கை முதலியவற்றில் ஆக்சிடோசினுக்குப் பங்குண்டென்று 2005ஐ ஒட்டி வெளிவந்த பரிசோதனைகளுள் சில மறுமுறை செய்தபோது அதே பலனைத் தரவில்லை. இந்தியாவில் கறவை மாடுகளுக்கு ஆக்சிடோசின் ஊசி தவறாகப் போடப்படுவதைக் காரணங்காட்டி 2018 ஏப்ரலில் மத்திய அரசு தனியார் உற்பத்திக்குத் தடை விதித்தது. தாய்மார்களின் உயிர்காக்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு நேருமென்ற கவலை எழுந்த நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது.