வகுப்பறைக்கு வெளியே: திருமலைப் பெண்களின் பாசறை வாழ்வு – ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலை வரலாறுகளில் கட்டடங்களும் அதிபர்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் முதலிடம் பெறுவது வழமை. மாணவிகள் வெயிலிலும் மணலிலும் கற்றவை ஒரு வரியோடு நின்றுவிடும். ஆயினும் ஒருபுறம் கடலும் மறுபுறம் காடும் சூழ்ந்த திருகோணமலையில் பிறந்த பெண்ணுக்கு வெளியே நடக்கவும், தங்கவும், பத்திரமாக வீடு திரும்பவும் தெரிந்திருப்பது எழுத்தறிவுக்கு அடுத்த கல்வி எனலாம். சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், அக்கல்வி எங்கிருந்து வந்தது, எப்படித் தடைப்பட்டது, இனி எவ்வாறு கைமாற வேண்டும் என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

யாத்திரை கற்பித்த ஒழுங்கு

பெண்கள் குழுவாகப் பயணஞ்செய்து வெளியிடத்தில் தங்குவது ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுமையன்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாத யாத்திரை, முல்லைத்தீவு வழியாகத் திருகோணமலைக்கு வருகிறது. கோணேசர் பெருமானை வணங்கிய அடியார்கள் கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூர், வெருகல், மட்டக்களப்பு எனக் கரையோரமாகத் தெற்கே செல்வர். உகந்தை முருகன் ஆலயத்துக்கு அப்பால் குமண, யால காடுகள். ஏறக்குறைய இரண்டு மாத நடை இது. பெண்களும் முதியவர்களும் இதில் நடந்தே வந்துள்ளனர்.

இந்த யாத்திரைக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. அதிகாலையில் நடை. வெயில் ஏறுமுன் கோயில் வீதியிலோ மரநிழலிலோ இளைப்பாறல். வெயில் தணிந்தபின் மீண்டும் நடை. காட்டுக்குள் எவரும் தனியே செல்வதில்லை. உலருணவையும் குடிநீரையும் அவரவரே சுமக்க வேண்டும். வழி தெரிந்த மூத்த சாமியின் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படுவர். ‘அரோகரா’ என்ற கோஷம் பக்தியின் குரல். பின்தங்கியவருக்குக் கூட்டம் இருக்கும் திசையை அறிவிக்கும் குரலும் அதுவே.

சாரணியம் தந்த உரிமை

1909 இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைப்பின்றியே சில சிறுமியரும் சாரணர் உடையில் வந்து நின்றனர். அதன் விளைவாக 1910 இல் பேடன் பவலின் சகோதரி அக்னெஸின் தலைமையில் பெண் சாரணியர் இயக்கம் உருவானது. இலங்கையில் இது 1917 இல் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது.

பெண் பிள்ளை பெரியவளானதும் படலைக்குள் நிற்க வேண்டும் என எண்ணிய காலம் அது. பாடசாலையின் பெயரும் சீருடையும் அணியும் சேர்ந்தபோது, வீட்டார் மறுக்க முடியாத ஓர் உரிமை அவளுக்குக் கிடைத்தது. பாடசாலை மைதானத்தில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்குவதே அன்று பெரிய பயணம். ஆனால் அந்த ஓர் இரவில் கற்றவை பல: கயிறு நழுவாத முடிச்சு, மழைநீர் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் வாய்க்கால், நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தல், காற்றின் திசை பார்த்து அடுப்பு மூட்டுதல், பாசறைத் தீயை நீரும் மணலும் இட்டு முற்றாக அணைத்தல், உறங்குமுன் அணித்தலைவி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தல். ‘தயாராயிரு’ என்ற சாரணியத்தின் விருதுவாக்கு, அடியார் கூட்டம் தன் நடையிலே கடைப்பிடித்து வந்த பாடந்தான்.

கடலும் காடும் மூடப்பட்ட காலம்

எமது துறைமுகத்தின் சிறப்பே எமது பிள்ளைகளின் நடமாட்டத்துக்குத் தடையாகவும் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் இது பெரும் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பிரித்தானியர் தளத்தை 1957 இல் இலங்கையிடம் கையளித்தனர். 1964 டிசெம்பரில் வீசிய சூறாவளி மாவட்டத்தை உலுக்கியது. இவை எல்லாவற்றையும் விட நீண்ட தடை 1983 முதல் 2009 வரையிலான போர்.

அந்தத் தலைமுறைப் பெண் பிள்ளைகள் கடலைக் கண்ணால் கண்டும் காலால் அறியாமல் வளர்ந்தனர். காடு என்றால் மிதிவெடி. கடற்கரை என்றால் தடைவேலி. மாலை என்றால் ஊரடங்கு. பாத யாத்திரையும் பல ஆண்டுகள் தடைப்பட்டது. அக்காவிடமிருந்து தங்கைக்குக் கைமாறும் அறிவு அப்படியே அறுந்துபோனது.

அதன் விலையை 2004 டிசெம்பர் 26 காட்டியது. ஆழிப்பேரலை வந்தது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம், பாடசாலை விடுமுறை. கிழக்குக் கரையில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக உயிரிழந்தனர். நீந்தவும் மரமேறவும் பழகாமை, ஓட விடாத உடை, பிள்ளைகளைத் தேடி வீட்டிலேயே நின்றமை ஆகியன காரணங்களாகப் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டன. பாதுகாப்புக் கருதி வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்களை வீடு பாதுகாக்கவில்லை. இம்மலரைப் படிக்கும் தாய்மார் மனதிற்கொள்ள வேண்டிய வரலாற்றுப் பாடம் இது.

எமது மாவட்டத்துக்கான பாசறை விதிகள்

இன்று பாதைகள் திறந்துள்ளன. 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாமலை, நிலாவெளிக் கரை, கன்னியா வெந்நீரூற்று, வெருகல் ஆகிய இடங்களுக்குப் பாடசாலைகள் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றன. பிற மாவட்டத்துக்கு எழுதிய கைநூல் இங்கு முழுதாகப் பொருந்தாது என்பதால் சிலவற்றைக் குறிப்பிடுவது நன்று.

முதலாவது, பருவம். வாடைக் காலமான ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எமது கடல் கொந்தளிக்கும்; கடலுக்கு உகந்த காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை. ஏப்ரல் விடுமுறையில் பிற்பகல் இடிமின்னலை எதிர்பார்க்க வேண்டும். முதல் முழக்கம் கேட்டதும் நீரையும் தனிமரத்தையும் வெட்டவெளியையும் விட்டு விலக வேண்டும். ஓகஸ்ட் விடுமுறையில் கச்சான் காற்று உடலின் நீரை வற்றச் செய்யும். தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும். தலைசுற்றி, பேச்சுத் தடுமாறும் பிள்ளையை உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது, நீர். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து மாணவர் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில், ஐந்து நிமிடப் பயணமாயினும், பிள்ளைகளை ஏற்றக்கூடாது. மகாவலி கடலோடு கலக்கும் கங்கைப் பகுதிகளில் முதலைகள் உண்டு, அங்கு குளிக்கக்கூடாது.

மூன்றாவது, இரவு. எட்டடி விரியன் பெரும்பாலும் நிலத்தில் உறங்குவோரையே இரவில் தீண்டும். கடி வலிக்காமலும் இருக்கலாம். நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்கு செருகி உறங்குவது நுளம்புக்கும் பாம்புக்கும் காவல். தீண்டினால் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் வேண்டாம். அங்கத்தை அசையாது வைத்து 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் யானை நடமாடும் காட்டு வீதிகளில் நடப்பதும் கூடாது.

மிதிவெடிக் காலத்தில் நாம் கற்ற ஒன்றும் இன்னும் பயன்படும்: பழகிய பாதையை விட்டு விலகாதே, அறியாத பொருளைத் தொடாதே.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

எமது சங்கத்தில் சாரணிகளாக இருந்தோர், தாதியர், ஆசிரியைகள், யாத்திரை நடந்த அம்மாமார் எனப் பலர் உள்ளனர். அவர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஓகஸ்டில் இளைய மாணவிகளுக்கு ஓரிரவுப் பாசறை ஒன்றை நடத்தலாம். அதற்கு முன்னதாக நீச்சலும் முதலுதவியும் கற்பிக்க ஒழுங்கு செய்யலாம். அறுந்த கயிற்றை மீண்டும் முடிச்சிட இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. நூற்றாண்டு நினைவாக நாம் அமைக்கும் கட்டடங்களோடு, கடலுக்கு அஞ்சாத, அதே வேளை கடலை மதிக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளும் எமது பாடசாலையின் பெயரைச் சொல்லட்டும்.