ஒரு குடம் தண்ணீரும் கங்காவும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், முன்பின் தெரியாதவன் காரில் ஏறுகிறாள். கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். ('கெட்டுப்போய்' என்பது அன்றைய சொல், எனக்கு அதில் உடன்பாடில்லை.) அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவ்வளவுதான் கதை. தமிழ்நாடே இரண்டு பட்டது.

தலைப்பைக் கவனியுங்கள். சீதை தீக்குளித்ததை வைத்த பெயர். 1943-லேயே புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அங்கே கை வைத்துவிட்டார். சீதையைத் தீக்குளிக்க வைத்தான் ராமன் என்று கேட்ட அகலிகையால் அதைத் தாங்க முடியவில்லை. கடைசியில் மறுபடி கல்லாகிறாள். ஜெயகாந்தன் நெருப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தார். தீர்ப்பு சொல்லும் இடத்தில் கணவனுக்குப் பதில் தாயை நிறுத்தினார். ஆத்திரத்துக்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். அந்த அம்மா வாயை மூடாமல் அலறியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பின்னால் படமாகவும் வந்தது, கங்காவாக லட்சுமி.

இங்கே அண்ணன் அவளை வீட்டைவிட்டே துரத்துகிறான். படிக்க வைக்கும் மாமாவுக்கோ அவள்மேலேயே கண். படிப்பு, உத்தியோகம், சொந்தச் சம்பளம் எல்லாம் கிடைக்கின்றன. ஆனாலும் அவள் யார் என்று சொல்லும் உரிமை மட்டும் மற்றவர்கள் கையிலேயே இருக்கிறது. முடிந்தால் அந்தக் கார்க்காரனையே தேடிப் பிடி என்கிறார் மாமா. அவளும் தேடிப் பிடிக்கிறாள்! அந்தப் பிரபுவோடு பழகியதுதான் அவள் தானாக எடுத்த முதல் முடிவு. அதற்கும் ஊர் வேறு பெயர்தான் வைத்தது.

இன்னொன்று. சிறுகதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. வீடு காப்பாற்றிய பெண்ணுக்குப் பெயர் தேவைப்படவில்லை. வெளியே தள்ளப்பட்டவளுக்குத்தான் 'கங்கா' என்று பெயர் வந்தது. இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்ற என் மாணவிகள் இரண்டையும் படியுங்கள். முதலில் சிறுகதை, பிறகு நாவல். வரிசையை மாற்றாதீர்கள். படித்துவிட்டு, அந்த ராத்திரி நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.